முதல்முறை குகைக்குப் போகிற குழுவுக்கு: வாசலைத் தாண்டும் முன் செய்ய வேண்டியவை

மலேசியாவில் ஈப்போவிலிருந்து கம்பார் போகிற சாலையில் இடப்பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள் வரிசையாக வரும். அவற்றின் வயிற்றுக்குள் குகைகள். நான் பிறந்து வளர்ந்தது அந்தக் குன்றுகளின் நிழலில்தான். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தபோது மாணவர்களைக் குகைக்கு அழைத்துப்போக ஆரம்பித்தேன். 22 ஆண்டுகள் ஆகியும் விடவில்லை. பள்ளி விடுமுறை நெருங்கினால் போன் வரும்: "டீச்சர், நாங்க பதினஞ்சு பேரு, கோவில் இளைஞர் குழு. ஒரு குகைக்குப் போலாம்னு இருக்கோம். என்னென்ன கொண்டு போகணும்?"

கொண்டுபோகிற பொருளைப் பற்றி அப்புறம் பேசலாம் என்பேன். முதலில் நான் கேட்பது வேறு. "போதும், திரும்பலாம்னு உங்கள்ல யாரு சொல்லப் போறீங்க?" பெரும்பாலும் மறுமுனையில் சத்தமே இருக்காது. அதை யோசித்து வைத்திருக்க மாட்டார்கள். நானும் ஒரு காலத்தில் யோசித்து வைத்திருக்கவில்லை.

2003-இல், பொறுப்பேற்று நான் அழைத்துப்போன முதல் குழு. 14 பிள்ளைகளும் நானும். கோப்பெங் பக்கம் ஒரு சின்ன குகை; பெயர் சொல்ல மாட்டேன், யாரும் தேடிப் போக வேண்டாம். எல்லோருக்கும் சேர்த்து எங்களிடம் 7 டார்ச் லைட் இருந்தன. 40 நிமிடம் உள்ளே போயிருப்போம், ஒவ்வொன்றாக மங்க ஆரம்பித்தன. திரும்பலாமா என்று மனதில் தோன்றியது. முன்னால் போன பையன்கள் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உற்சாகமாக இருந்தார்கள். அவர்கள் ஆசையைக் கெடுக்க மனம் வரவில்லை. பத்து நிமிடத்தில் ஒரு மாணவி வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகிக்கொண்டாள். திரும்பும்போது ஒரு பிரிவில் வழி தவறினோம். 50 நிமிடத்தில் போன வழியைக் கடந்து வெளியே வர 4 மணி நேரம் ஆனது. கடைசி ஒரு மணி நேரம் 15 பேருக்கு 2 விளக்கு. என் கணவரிடம் காலையில் நான் சொல்லிவிட்டு வந்தது "கோப்பெங் பக்கம் போறேன்" என்பது மட்டும்தான். அந்தப் பக்கம் எத்தனை குன்று இருக்கிறது என்று நினைத்தால் இன்றும் வயிறு கலங்கும். கீழே நான் சொல்வதில் பாதி அன்று கற்றது.

எந்தக் குகை, எத்தனை பேர்

முதல் பயணத்துக்கு ஆட்கள் நிர்வகிக்கிற, வழிகாட்டி உள்ள குகைதான். எங்கள் பக்கத்தில் அதற்கு குவா தெம்புரோங் இருக்கிறது. தெம்புரோங் என்றால் மலாயில் சிரட்டை. கூரை கவிழ்த்த சிரட்டை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். நடைபாதையும் விளக்கும் உள்ள உலர்ந்த பகுதியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் சுற்றும் உண்டு, குகைக்குள் ஓடுகிற ஆற்றில் இறங்கித் தவழ்ந்து வருகிற நீண்ட சுற்றும் உண்டு. பிள்ளைகள் நேராக ஆற்றுச் சுற்றுக்குத்தான் ஆசைப்படுவார்கள். முதல்முறை உலர்ந்த சுற்று போங்கள். இருட்டில் யார் பயப்படுகிறார், யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். ஆறு அடுத்த தடவைக்கு இருக்கட்டும்.

கயிறு கட்டி இறங்க வேண்டிய பள்ளம் எதற்கும் புதியவர்கள் போகக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. கொடைக்கானல் குணா குகையில் 2006-இல் கேரளத்து நண்பர் குழுவில் ஒருவர் பள்ளத்துக்குள் விழுந்ததும், கூட வந்த நண்பரே கயிற்றில் இறங்கி அவரை மேலே கொண்டுவந்ததும் பலருக்குத் தெரியும். அந்த நட்பு பெரிது. ஆனால் அதற்குமுன் அங்கே விழுந்த பலர் உயிரோடு மீளவில்லை என்பதையும் அவர்கள் போனது தடை செய்யப்பட்ட பகுதி என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ஏறி வர முடியாத இடத்தில் இறங்காதீர்கள். சறுக்கிக்கொண்டு எளிதாக இறங்குகிற சேற்றுச் சரிவும் இதில் சேர்த்திதான்.

ஆள் கணக்குக்கு வருவோம். 4 பேருக்குக் குறைந்து போக வேண்டாம். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்க, இரண்டு பேர் சேர்ந்து உதவிக்கு வெளியே போக வேண்டும். தனியாக ஒருவரை அனுப்பினால் அவருக்கும் ஏதாவது ஆகலாம். அதேபோல 8 பேருக்கு மேலும் வேண்டாம். 15 பேர் வந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்று வெளியே வந்தபின் மற்றதை உள்ளே அனுப்புவேன். ஒவ்வொரு குழுவிலும் அந்தக் குகைக்கு முன்பே போய் வந்தவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர்.

மழையை எப்படிப் பார்ப்பது

குகையில் தண்ணீர்தான் எனக்கு மிகப் பெரிய பயம். விழுந்தால் ஒருவருக்கு அடிபடும். தண்ணீர் வந்தால் மொத்தக் குழுவும் மாட்டிக்கொள்ளும்.

2018 ஜூன் 23, சனிக்கிழமை. வட தாய்லாந்தில் 12 பையன்கள், 11 முதல் 16 வயது, கால்பந்துப் பயிற்சி முடிந்து 25 வயது துணைப் பயிற்சியாளரோடு தாம் லுவாங் குகைக்குள் போனார்கள். ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம் என்ற எண்ணம். முன்பே போய்ப் பழகிய குகை. ஜூலை முதல் நவம்பர் வரை வெள்ள ஆபத்து என்று வாசலில் பலகை இருந்தது. ஜூலைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது, மழை அதற்குக் காத்திருக்கவில்லை. பின்னால் தண்ணீர் ஏறி வழியை அடைத்தது. ஜூலை 2 அன்று, வாசலிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் உள்ளே, ஒரு மேட்டில் அவர்கள் உட்கார்ந்திருந்ததைப் பிரிட்டிஷ் முக்குளிப்பாளர்கள் இரண்டு பேர் கண்டார்கள். ஜூலை 10-க்குள் 13 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். அந்த முயற்சியில் முன்னாள் கடற்படை வீரர் சமன் குனான் உயிரிழந்தார். அங்கே பிடித்த தொற்றால் இன்னொரு கடற்படை வீரர் அடுத்த ஆண்டு காலமானார். எந்தக் குழுவை அழைத்துப் போனாலும் இந்த இரண்டு பேரைப் பற்றி வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவேன். நாம் எடுக்கிற முடிவுக்கு வேறு யாரோ விலை கொடுக்க நேரலாம் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

அனுபவம் இருந்தால் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். 1967 ஜூன் 24 அன்று இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் மாஸ்டேல் குகைக்குள் 10 பேர் போனார்கள். 4 பேர் இடையில் திரும்பிவிட்டார்கள். உள்ளே இருந்த 6 பேரும் வெள்ளத்தில் இறந்தார்கள், நன்கு பழகிய குகைப் பயணிகள். எங்கள் நாட்டிலேயே, சரவாக்கின் முலு தேசியப் பூங்காவில் 2019 ஜூலையில் திடீர் வெள்ளம் ஒரு சுற்றுலாப் பயணியையும் அவருடைய உள்ளூர் வழிகாட்டியையும் கொண்டுபோனது.

மழை உங்கள் தலைக்கு மேல் பெய்ய வேண்டும் என்பதில்லை. ஈப்போ இருக்கிற கிந்தாப் பள்ளத்தாக்கில் வெயில் காயும், அப்போதே தித்திவங்சா மலையில் கொட்டிக்கொண்டிருக்கும். மலையில் விழுந்த தண்ணீர் குன்றுக்குள் புகுந்து வர நேரம் எடுக்கும்; நீங்கள் உள்ளே போனபிறகுதான் அது வந்து சேரும். அதனால் குகை இருக்கிற ஊருக்கு மட்டும் வானிலை பார்த்தால் போதாது, ஆறு பிறக்கிற மலைக்கும் பாருங்கள். அன்றைக்கு மட்டுமல்லாமல் அதற்கு முந்தைய மூன்று நாள் மழையையும் விசாரியுங்கள். மண் ஏற்கெனவே ஊறியிருந்தால் சின்ன மழையே போதும். எங்கள் பக்கம் ஏப்ரலிலும் அக்டோபரிலும் மத்தியானத்துக்கு மேல் இடிமழை வழக்கம். அந்த மாதங்களில் ஆற்றுக் குகைக்கு நான் போவதே இல்லை. மற்ற மாதங்களிலும் காலை 8 மணிக்கு உள்ளே, 12-க்குள் வெளியே.

உள்ளே போனதும் சுவரை அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேலே பாறை இடுக்கில் காய்ந்த இலை, குச்சி, பிளாஸ்டிக் பை செருகியிருந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். நடக்கும்போது 'வெள்ளம் வந்தால் இங்கே எங்கே ஏறி உட்காரலாம்' என்று ஒவ்வொரு கூடத்திலும் பிள்ளைகளையே காட்டச் சொல்வேன். ஒரு தடவை முழங்கால் ஆழத் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தோம். தெளிந்த தண்ணீர், பாதம் தெரிந்தது. திடீரென்று பின்னால் வந்த பையன், "டீச்சர், தண்ணி தே தாரிக் மாதிரி ஆயிடுச்சு" என்றான். குனிந்து பார்த்தேன், பால் தேநீர் நிறம், பாதம் தெரியவில்லை. இரண்டு மூன்று இலைகள் மிதந்து போயின. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் வாசல் என்பதால் உடனே திரும்பினோம். வெளியே வந்து பால்மரத் தோப்பு ஓரம் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நாங்கள் நடந்த இடத்தில் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஓடியது. நிறம் மாறுவது, குப்பை மிதந்து வருவது, தண்ணீர்ச் சத்தம் கூடுவது, காற்று வேறு மாதிரி வீசுவது, இதில் எது வந்தாலும் போதும். அந்தப் பையனைப் போலப் பார்த்த உடனே சத்தமாகச் சொல்கிற பழக்கத்தைக் குழுவுக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் விட்டுப்போகிற துண்டுச்சீட்டு

தாம் லுவாங் பையன்கள் குகைக்குப் போன விஷயம் எப்படித் தெரிந்தது? அன்று அவர்களோடு போகாத அணிப் பையன் ஒருவன் சொன்னதால். வாசலில் அவர்கள் விட்டுப்போன சைக்கிள்களும் பைகளும் இருந்ததால். அந்தப் பையனும் கூடப் போயிருந்தால் தேடல் எவ்வளவு தாமதமாகியிருக்கும்!

அதனால் பொறுப்பான ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்: குகையின் பெயர், எந்த வாசல், எத்தனை பேர், பெயர்கள், உள்ளே போகும் நேரம், கார் எண். கடைசியில் இரண்டு நேரம். ஒன்று, நாங்கள் வெளியே வருகிற நேரம், உதாரணமாக 12 மணி. மற்றது, அதுவரை போன் வராவிட்டால் நீங்கள் 999-க்கு அழைத்து பொம்பாவை, அதாவது தீயணைப்பு மீட்புப் படையை, கேட்க வேண்டிய நேரம், 3 மணி. "3 மணிக்கு மேல் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதே, வெட்கப்படாதே" என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். குகைக்குள் கைப்பேசி வேலை செய்யாது. வெளியிலிருந்து ஒருவர் கவலைப்பட்டால்தான் உதவி வரும். இதன் இன்னொரு பிரதியைக் காரின் முன்கண்ணாடிக்கு உள்ளே வைத்துவிட்டுப் போவேன். வெளியே வந்ததும் முதல் வேலை அவருக்குப் போன் செய்வது. மறந்துபோய்ச் சாப்பிட உட்கார்ந்துவிட்டால், பொம்பாக்காரர்கள் இல்லாத ஆளைத் தேடிக் குகைக்குள் இறங்குவார்கள்.

உடம்பில் என்ன இருக்க வேண்டும்

ஆளுக்கு மூன்று விளக்கு. குழுவுக்கு மூன்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்று ஹெல்மெட்டில் மாட்டுகிற தலைவிளக்கு, அதேபோல இன்னொன்று பையில், மூன்றாவது ஒரு சின்ன டார்ச். கைப்பேசி வெளிச்சத்தை நான் விளக்காகவே எண்ணுவதில்லை. நழுவி ஆற்றில் விழுந்தால் அவ்வளவுதான். உபரி பேட்டரியை ஜிப் பையில் போட்டு, அதை மாற்றுகிற விதத்தை வாசலில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை செய்து பார்க்கச் சொல்வேன். இரண்டு விளக்கு உள்ளவரைதான் நடை. எவருக்காவது ஒன்றே மிச்சம் என்றால் மொத்தக் குழுவும் திரும்ப வேண்டும்.

ஹெல்மெட் தாடைப் பட்டையோடு, பாறை ஏறுபவர்கள் போடுகிற வகை. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டில் காது கேட்காது. கல் மேலிருந்து விழுவதைவிட நாமே போய் முட்டிக்கொள்வதுதான் அதிகம். ஆனாலும் சுண்ணாம்புக் கல் உதிரும் என்பதை ஈப்போக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கல்லுமலைக் கோவில் இருக்கிற அதே குனோங் செரோ குன்றில் 1973-இல் பாறை சரிந்து அடிவாரத்தில் குடியிருந்த பலர் இறந்தார்கள். வாசலுக்கு நேர்கீழே நின்று ஆள் எண்ணுவது, படம் எடுப்பது, சாப்பிடுவது எதுவும் வேண்டாம்.

காலுக்குக் கம்போங் அடிடாஸ். அந்தக் கறுப்பு ரப்பர் காலணிக்கு ஈடு எதுவும் நான் பார்த்ததில்லை: விலை குறைவு, சேற்றைப் பிடிக்கும், தண்ணீர் குடிக்காது. விலையுயர்ந்த ஓட்டக் காலணியோடு வருகிறவர்கள்தான் வழுக்குகிறார்கள். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம். நனைந்தால் கனக்கும், காயவே காயாது. நம் நாட்டில் குளிரா என்று கேட்பார்கள். குகை வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஆனால் நனைந்த உடம்போடு அசையாமல் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டி வந்தால் நடுக்கம் எடுக்கும், பேச்சுக் குழறும், புத்தி மந்தமாகும். அதற்காக ஆளுக்கொரு பெரிய கறுப்புக் குப்பைப் பை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். அடியில் தலை நுழைகிற அளவு கிழித்து மாட்டிக்கொண்டு, கை கால்களை உள்ளே இழுத்துக்கொண்டால் உடம்புச் சூடு நிற்கும். சில்லறைக் காசுக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு கிடையாது. தண்ணீர், கொஞ்சம் பேரீச்சை அல்லது கடலை மிட்டாய், கட்டுத்துணி, விசில், ஒரு பென்சில், காகிதம். வேறு சுமை தேவையில்லை.

உள்ளே

மிக மெதுவாக நடப்பவரை இரண்டாவதாக விடுங்கள், முன்னால் போகிறவருக்குப் பின்னாலேயே. அவர் வேகம்தான் குழுவின் வேகம். கடைசியில் விட்டால் அவர் வந்து சேரும்போது மற்றவர்கள் ஓய்வெடுத்து முடித்து எழுந்துவிடுவார்கள், அவருக்கு ஓய்வே கிடைக்காது. களைத்த கால்தான் பிசகும். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிறவரின் விளக்கைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் எண்கள் சொல்லி ஆள் எண்ணுங்கள்.

பிரிவு வந்தால் நின்று, எல்லோரும் திரும்பிப் பார்க்க வேண்டும். திரும்பும்போது தெரியப்போவது அந்தப் பக்கத்துத் தோற்றம்தான்; போகும்போது பார்த்த முகம் வேறு. 2003-இல் நாங்கள் தவறியது இதனால்தான். சுவரில் அம்புக்குறி வரையாதீர்கள், அது ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வளர்ந்த கல். அடையாளம் வேண்டுமென்றால் பளிச்சென்ற துணி நாடாவைக் கல்லின் கீழ் வைத்து, வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

குறுகலான துளைகளைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நட்டி புட்டி என்றொரு குகை. சாரணர்களும் கல்லூரி மாணவர்களும் புதியவர்களும் போய் வருகிற இடமாகவே அதற்குப் பெயர். 2009 நவம்பரில் குடும்பத்தோடு போன 26 வயது இளைஞர் ஒரு குறுகிய துளைக்குள் தலைகீழாக இறங்கி மாட்டிக்கொண்டார். ஒருநாளுக்கு மேல் போராடியும் மீட்க முடியவில்லை. அவர் உடலோடு குகையையே மூடிவிட்டார்கள். கீழ்நோக்கிச் சரியும் எந்தத் துளையிலும் தலையை முதலில் விடாதீர்கள், கால்தான் முதலில். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று குழுவில் யாருக்கும் தெரியாத துளைக்குள் போகவே வேண்டாம். யாராவது சிக்கினால் இழுக்காதீர்கள். பதறினால் மூச்சு இழுப்பார், நெஞ்சு விரியும், இன்னும் இறுகும். பெயர் சொல்லிப் பேசுங்கள், மெதுவாக மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள், விட்ட நொடியில் வந்த வழியிலேயே ஒரு விரற்கடை பின்னால் நகரச் சொல்லுங்கள்.

காரணமே இல்லாமல் தலை வலித்து, சும்மா நிற்கும்போதே மூச்சு வாங்கினால் காற்று கெட்டிருக்கிறது. உடனே வெளியே.

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். என் குழுவில் யார் வேண்டுமானாலும், 12 வயதுப் பிள்ளையானாலும், "திரும்பலாம்" என்று சொல்லலாம். ஏன் என்று எவரும் கேட்கக் கூடாது. முகம் சுளிக்கவும் கூடாது. வெளியே வந்தபின்னும் அதைச் சொல்லிக் கிண்டல் செய்யக் கூடாது. செய்தவர் அடுத்த பயணத்தில் இல்லை. இதை வாசலில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி, தலையாட்டினால் போதாது, "சரி டீச்சர்" என்று வாயால் சொன்னபின்தான் விளக்கைப் போடச் சொல்வேன்.

ஏதாவது ஆகிவிட்டால்

முதலில் எல்லோரையும் நிறுத்துங்கள், உட்காரச் சொல்லுங்கள். பதற்றத்தில் இரண்டாவது ஆள் விழுவான். இரத்தம் வந்தால் துணி வைத்து அழுத்திப் பிடியுங்கள். உயரத்திலிருந்து விழுந்திருந்தால், கழுத்து முதுகு வலி என்றால், தண்ணீரோ கல்லோ மிரட்டினாலொழிய அசைக்க வேண்டாம். அடியில் பைகளைச் செருகித் தரைக் குளிர் ஏறாமல் பாருங்கள், குப்பைப் பையைப் போர்த்துங்கள். உதவிக்குப் போகிற இரண்டு பேரிடம் வாய்ச்செய்தி கொடுக்காதீர்கள். யார், என்ன காயம், எத்தனை மணிக்கு, குகையில் எந்த இடம், கூட எத்தனை பேர், எல்லாம் காகிதத்தில் இருக்கட்டும். ஓடுகிறவர்களுக்குப் பாதி மறந்துவிடும்.

தண்ணீர் வழியை அடைத்துவிட்டால் நீந்திப் போகலாம், மூழ்கிக் கடக்கலாம் என்று எண்ணவே கூடாது. உயரமான இடம் தேடி ஏறுங்கள், ஒட்டி உட்காருங்கள், ஒரே ஒரு விளக்கைத் தவிர மற்றவற்றை அணையுங்கள். தாம் லுவாங் பையன்கள் பாறையிலிருந்து சொட்டிய தண்ணீரைக் குடித்தார்கள், பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்த தியானத்தில் அமைதியாக இருந்தார்கள், கலையாமல் ஓரிடத்தில் இருந்தார்கள். அப்படித்தான் 9 நாள் தாக்குப்பிடித்தார்கள். துண்டுச்சீட்டு யாரிடமாவது இருந்தால் உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகாது.

வீடு திரும்பியபின்

வௌவாலைத் தொடாதீர்கள், அதன் எச்சம் காய்ந்து தூசியாகக் கிடக்கும் இடத்தில் முகக்கவசம் போடுங்கள். அந்தத் தூசியில் நுரையீரலைத் தாக்குகிற பூஞ்சை இருக்கலாம். குகை ஆற்றில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கால் கையில் சிராய்ப்பு இருந்தால் இறங்கும் முன் தண்ணீர் புகாதபடி ஒட்டுங்கள், வந்ததும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கடுமையான உடம்பு வலி, இருமல் எது வந்தாலும் டாக்டரிடம் முதல் வாக்கியமாக "நான் இந்தத் தேதியில் குகைக்குப் போனேன்" என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் அவருக்கு அது தெரிய வழியில்லை. பிள்ளைகள் சொல்ல மறப்பார்கள் என்பதால் தேதியை எழுதிய சீட்டை ஒவ்வொரு தாயிடமும் கொடுத்தனுப்புவேன், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைக்கச் சொல்லி.